நான் குப்பை என்று ஒதுக்கியவை

ஆடிக் கிருத்திகையன்று என் வீட்டுக்காரர் காவடியைப் பாதிப் படியில் இறக்கி வைத்தார். அதற்குக் காரணம் நான் கணினியில் தட்டிய ஓர் எண். இதை அலுவலகத்தில் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பாவம் என்பார்கள், இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், பிறகு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் ஆய்வுக்கூடப் படிப்பு படித்தவள். ஐந்து வருஷம் ரத்தமும் சளியும் பார்த்து அலுத்துப்போய், தசைப் படங்களை ஆராயும் மென்பொருள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். திருத்தணியில் காலை ரயிலைப் பிடித்தால், அரக்கோணத்தில் ஏறும் கூட்டம் மூச்சை முட்டவைத்து, சென்னையில் இறங்கும்போது புடவை கசங்கிய துணி மூட்டையாகியிருக்கும். அப்படிப் போய் நாளெல்லாம் என்ன செய்கிறாய் என்று மாமியார் கேட்டால், கோடு போடுகிறேன் என்பேன். அதுதான் உண்மையும்கூட.

நோயாளியின் தொடையிலிருந்து சுண்டைக்காயைவிடச் சின்னதாகக் கொஞ்சம் சதையை எடுத்து, உறையவைத்து, குறுக்குவாக்கில் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அதைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் தசை இழைகள் தெரியும், கூடையில் நெருக்கி அடுக்கிய ரோஜாப் பூக்களை மேலிருந்து பார்த்த மாதிரி. ஒவ்வோர் இழையும் எவ்வளவு பருமன், எத்தனை இளைத்திருக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து எண்ண ஒரு மனுஷனுக்கு அரை நாள் ஆகும். எங்கள் மென்பொருள் ஒரு டீ குடிப்பதற்குள் எண்ணிவிடும். அதற்கு அப்படி எண்ணக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மவுஸால் கோடு போட்டு, இது ஒன்று, இது ஒன்று என்று ஆயிரக்கணக்கில் காட்டவேண்டும். ஒரு வருஷம் போட்டேன். கண்ணை மூடினாலும் ரோஜா நிற வட்டங்கள்தான்.

ஆரம்பத்தில் அது ஒரு தொல்லை கொடுத்தது. இழைகளோடு சேர்த்துக் கண்ட குப்பையையும் எண்ணியது. சாயத் துளி, கிழிந்த ஓரம், குட்டி ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டுவிடும். எங்கள் மேலாளருக்கு இதைக் கண்டாலே ஆகாது. வாங்க வருகிறவர்கள் முன்னால் படம் துப்புரவாக இருக்கவேண்டும் அவருக்கு. ஒருநாள் நான்தான் ஒரு வழி சொன்னேன். ஓர் அளவு வைத்து, அதற்குக் கீழே இருப்பது எதுவானாலும் குப்பை என்று ஒதுக்கிவிடலாமே என்றேன். நானே பல எண்களைப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டினேன். படம் கழுவிவிட்டதுபோல் ஆகிவிட்டது. மேலாளர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். அன்று ரயிலில் எனக்கு உட்காரக்கூட இடம் கிடைத்தது, அதையும் அந்த எண்ணின் ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்களிடம் இருந்த படங்களெல்லாம் ஆரோக்கியமான தசைகள். விபத்தில் கால் முறிந்து அறுவைக்கு வந்தவர்களிடமிருந்து எடுத்தவை. நான் பார்த்த உலகத்தில் அவ்வளவு சின்ன இழையே கிடையாது.

என் வீட்டுக்காரர் மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறார். கை அசாத்திய வேகம். பேசிக்கொண்டே கட்டுவார், சாலையைப் பார்த்துக்கொண்டே கட்டுவார், ஒரு முடிச்சு தவறாது. ஆனால் இரண்டு வருஷமாகக் கடையிலிருந்து எழுந்திருக்க மட்டும் கஷ்டப்பட்டார். முதலில் கையைத் தரையில் ஊன்றுவார், பிறகு முழங்காலில், பிறகு தொடையில். தன் உடம்பின்மேல் தானே ஏறுகிற மாதிரி எழுவார். பேருந்துப் படி ஏறக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்வார். வீட்டில் இதற்குப் பெயர் சோம்பல். பூ கட்டும் கை இப்படி ஓடும்போது கால் மட்டும் ஏன் ஓடாது என்று மாமியார் கேட்பார். அவருடைய தம்பி அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர், நாளெல்லாம் நின்றபடி வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து அண்ணனுக்குக் கால் மரத்துப்போச்சு என்று கிண்டல் செய்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

கிண்டல் சண்டையானது காவடியால். எங்கள் வீட்டில் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பது மூத்த மகன். மாமனார் இருந்தவரை அவர், அப்புறம் இவர். தோள் மாற்றிக்கொள்ளலாம், ஆள் மாற்றக் கூடாது. தோளில் ஏறினால் மலைமேல்தான் இறங்கவேண்டும், நடுவில் தரையில் படக் கூடாது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம், எங்கள் வீட்டு வழக்கம் இது. இவர் இந்த வருஷம் தம்பி எடுக்கட்டும் என்று சொன்னார். மாமியார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காலும் கையும் நன்றாக இருக்கிற மகன் சாமிக்குச் செய்ய மாட்டேன் என்கிறானே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதார்.

இவருக்கு ஏதோ இருக்கிறது என்று எனக்கு உள்ளூரத் தெரியும். சென்னையில் ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்த்தார், தொடையில் கொஞ்சம் சதை எடுத்தார். நான்கு வாரம் ஆகும், சில சோதனைகளை வெளியூருக்கு அனுப்பவேண்டும் என்றார். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று வாரம்கூட இல்லை. வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். அதற்குள் ரிப்போர்ட்டில் வியாதி என்று வந்தால் தம்பி எடுக்கட்டும், இல்லையென்றால் இவர்தான் எடுக்கவேண்டும்.

எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊரறிந்த விஷயம். அந்த ஆய்வுக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி இவருடைய சதையில் உபரியாகச் சீவிய ஒரு துண்டைக் கண்ணாடியோடு வாங்கிவந்தேன். முறையில்லைதான். ஆனால் நாளெல்லாம் ஊரார் சதையை அளக்கிறேன், என் வீட்டுக்காரர் சதையை அளக்கக் கூடாதா என்றிருந்தது. இவரைக் காப்பாற்றத்தான் செய்தேன். ஒரு காகிதத்தை மாமியார் முன் வைத்து, பாருங்கள், உங்கள் மகன் பொய் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைப்பட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தபோது நான் கண்ணாடியை ஸ்கேனரில் வைத்தேன். மென்பொருள் ஓடியது. இளைத்த இழைக்குச் சிவப்பு, சரியானதற்குப் பச்சை என்று நிறம் போடும். படம் முழுக்கப் பச்சை. சராசரிப் பருமன் சாதாரண ஆளைவிடக் கூடுதல். என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் பச்சை.

இடையிடையே நிறம் விழாத வெற்றுத் திட்டுகள் இருந்தன. பார்த்தேன். சீவும்போது கிழிந்திருக்கும் என்று நினைத்தேன், அப்படி நினைத்துக்கொண்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒருபக்கம் சந்தோஷம், வியாதி இல்லையே என்று. அந்தச் சந்தோஷம் ரயிலில் அரக்கோணம் தாண்டுவதற்குள் கோபமாகிவிட்டது. அப்படியானால் இத்தனை நாள் என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறாரே என்று. பத்து வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனைவிட நான் வளர்த்த மென்பொருளை நம்பினேன். இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

படத்தைக் கலரில் அச்செடுத்து வந்திருந்தேன். மாமியார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகி, மூலையில் குங்குமம் வைத்தார். இவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நெஜமாவே நல்லாகீதா?" என்று கேட்டார்.

ஆங், நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் வயசு ஆளுக்கு இருப்பதைவிடப் பருமனாக இருக்கிறது என்றேன். கொஞ்சம் எகத்தாளமாகத்தான் சொன்னேன். அவர் மறுநாள் காலையிலிருந்து நடக்கப் போக ஆரம்பித்தார். பைபாஸ் வரை போய்விட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார். தொடைத் தையல் போட்ட இடத்தைத் தடவிவிட்டுக்கொள்வார். காவடிக்கான பூவையெல்லாம் அவரே பொறுக்கினார், அவரே கட்டினார். அந்த வருஷக் காவடி மாதிரி அழகாக அவர் கட்டி நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். படியெல்லாம் ஜனம். முன்னால் பம்பை, பின்னால் அரோகரா. மாமியார் விபூதித் தட்டோடு பின்னால், நான் துண்டோடு பக்கத்தில், தம்பி வழி விலக்கிக்கொண்டு முன்னால். முந்நூற்று அறுபத்தைந்து படியில் முதல் ஐம்பது சரியாகப் போனது. அப்புறம் கைப்பிடியைப் பிடித்தார். அப்புறம் ஒவ்வொரு படிக்கும் நின்றார். நூறு தாண்டி ஏதோ ஒரு படியில் முழங்கால் மடங்கியது. விழவில்லை. காவடி ஆடாமல், ஒரு பூ உதிராமல், மெதுவாக உட்கார்ந்து, அதைப் படியின்மேல் வைத்தார்.

பின்னால் வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. சிலர் காவடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமியார் கிட்டத்தில் வந்து குனிந்தார்.

"எழுந்துரு நைனா. எல்லாரும் பாத்துகினுகீறாங்க."

"முடியலமா" என்றார் இவர்.

அப்போது நானும் குனிந்தேன். நான் சொன்னது எனக்கு அட்சரம் அட்சரமாக நினைவிருக்கிறது. "ரிப்போர்ட்டு நல்லாதானே வந்துக்கீது. சும்மா எழுந்துருங்க."

இவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தலை குனிந்துகொண்டார். தம்பி காவடியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார், மாமியார் பின்னாலேயே போனார். நான் மட்டும் இவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

அங்கேதான் பார்த்தேன். ஈர வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது. துணிக்கு அடியில் இருந்த தொடை என் கைப் பருமன்கூட இல்லை. அந்தத் தோலுக்குக் கீழே ஏதோ துடித்துத் துடித்து அடங்கியது. இழை பருத்திருந்தால் தொடை எப்படி இளைக்கும்? நாளெல்லாம் தசையைப் பார்க்கிற எனக்கு இந்தச் சின்னக் கணக்கு அதுவரை தோன்றவில்லை. துண்டால் அவர் காலைத் துடைத்துவிட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கள்கிழமை அலுவலகத்தில் முதல் ஆளாக நுழைந்தேன். இவருடைய படத்தைத் திறந்து, நான் தட்டியிருந்த அந்த எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். ஓட்டினேன். வெற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றாக நிறைய ஆரம்பித்தன. கிழிசல் என்று நான் நினைத்த இடமெல்லாம் குட்டிக் குட்டி இழைகள், கும்பல் கும்பலாக. எல்லாம் சிவப்பு. நரம்பு செத்தால் அதை நம்பியிருக்கும் இழைகள் ஒரு கூட்டமாகச் சுருங்கும். மிச்சமிருக்கிற இழைகள் அவற்றின் சுமையையும் சேர்த்துத் தூக்கித் தூக்கி வீங்கும். என் வடிகட்டி சுருங்கியவற்றைக் குப்பை என்று தள்ளிவிட்டு, சுமை தூக்கி வீங்கிப்போனவற்றை மட்டும் எண்ணி, ஆள் திடமாக இருக்கிறான் என்று சொல்லியிருந்தது.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேலாளரிடம் அந்த அளவை எடுத்துவிடவேண்டும் என்றேன், வியாதிக்காரர்களின் இழையையே தின்றுவிடுகிறது என்றேன். யாருடைய படம் என்று சொல்லவில்லை. அவர் படத்தைப் பார்த்தார், நல்ல வேளை இப்போதே கண்டுபிடித்தாய் என்று பாராட்டினார். எடுத்தாயிற்று. இப்போது எங்கள் மென்பொருள் குப்பையையும் சேர்த்து எண்ணுகிறது, நாங்கள் உட்கார்ந்து கையால் பிரிக்கிறோம். யாரும் மைசூர்பாகு வாங்கவில்லை.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வாரம் ஒன்று போய் இரண்டாவதும் பிறந்தது. மாமியார் இவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார், சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தமில்லாமல் முன்னால் வைப்பார். தம்பி பண்டிகைக்கு வந்த உறவினர்களிடம் அண்ணனுக்கு மனசில்லை என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. இவர் கடைக்குப் போனார், பூ கட்டினார், வந்தார். காலையில் நடக்கப் போவதை மட்டும் விடவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தினமும் ரயிலில் ஏறும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், இறங்கும்போது நாளைக்கு என்று ஆகியிருக்கும்.

பிறகு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது, இருவரும் போனோம். மருத்துவர் நல்ல மனுஷர், அவசரமில்லாமல் பேசினார். முதுகுத்தண்டிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, பிறவியிலேயே வந்த கோளாறு, மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும் என்றார். போனதைத் திருப்பிக் கொண்டுவர இவருக்குத் தன்னிடம் மருந்தில்லை என்றார். இன்னும் சில வருஷத்தில் கைத்தடி, அப்புறம் சக்கர நாற்காலி, கை எவ்வளவு நாள் நன்றாக இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நான் காவடி எடுத்ததைச் சொல்லி, அதனால் மோசமாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லையம்மா, நீங்கள் என்ன செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் இது இப்படித்தான் வந்திருக்கும் என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அது வேறு மாதிரி பட்டது. என் தப்பால் வரவில்லை என்றால், என் தப்பைத் திருத்தியும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் அவர், எதிரே நான். திருவள்ளூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். நான் கொண்டுவந்த பச்சைப் படம் தப்பு என்றேன். உங்கள் காலில் இளைத்துப்போன இழை எல்லாவற்றையும் நான் வைத்த வடிகட்டி குப்பை என்று தள்ளிவிட்டது, எந்த அளவுக்குக் கீழே இருந்தால் குப்பை என்று முடிவு செய்தவளும் நான்தான் என்றேன். காவடி முடிந்த திங்கள்கிழமையே தெரியும், சொல்லப் பயந்துகொண்டிருந்தேன் என்றேன். போனில் இரண்டாவதாக வந்த சிவப்புப் படத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார், நகர்த்தினார், மறுபடி பெரிதாக்கினார். திட்டட்டும், ரயிலிலேயே நாலு பேர் பார்க்கத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்போ நான் நடிக்கல" என்றார்.

நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"உன் மெஷினே நல்லாகீதுன்னு சொல்ட்ச்சா, எனக்கே சந்தேகம் வந்துட்ச்சு. நெஜமாவே சோம்பேறியாயிட்டேனோ, எனக்கே தெரியாம நடிக்கிறேனோன்னு. அதான் தெனமும் நடந்துகினு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது கண் நிறைந்துவிட்டது, தோளால் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவரிடம் இனி நடக்க முடியாமல் போகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அரக்கோணத்தில் கூட்டம் இறங்கி ஏறியது. அவர் தன் போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டார். மாமியார் கிட்டத்தட்ட இரண்டு வாரமாக அவரோடு பேசவில்லை, ஆனாலும் எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாக, பிள்ளை பரீட்சையில் பாஸான செய்தியைச் சொல்கிற குரலில் இவர் சொன்னார்.

"அம்மா, எனக்கு நெஜமாவே வியாதிதானாம். டாக்டரே எழுதிக் குட்த்துட்டாரு."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், இல்லமா, அந்தக் காயிதம் தப்பாம் என்றார், இல்லமா, நெஜமா என்றார். முகத்திலிருந்த வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் நீட்டினார்.

"சாமிகிட்ட வெச்ச காயிதம் எப்டி தப்பாவும்னு கேக்கறாங்க. நீ சொல்லு. நீ சொன்னாதான் நம்புவாங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். மாமியார் அழுதுகொண்டிருந்தார். சொல்லுமா என்று சொல்லிவிட்டு, நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.